சுவாச சிகிச்சைத் துறையில் இருக்கும் இனப் பாகுபாட்டைப் போக்க ஒருநாள் பயிற்சி வகுப்பு போதுமா?

போதாது. நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் துறையிலும் வகுப்பு எடுத்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. நாங்களும் உட்கார்ந்தோம். ஒருவருக்கொருவர் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள், நல்லதுதான், ஆனால் தினமும் நோயாளியின் விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

நான் பார்த்த ஒரு கறுப்பின நோயாளிக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதம் என்று ஆக்சிமீட்டர் காட்டியது. அவரோ ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை புடைக்க இழுத்துக்கொண்டிருந்தார், ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. தமனி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். "அதான் 94 இருக்கே" என்றார் பணியில் மூத்தவர் ஒருவர். விடாமல் கேட்டு எடுக்க வைத்தேன், 86 வந்தது. கருவி பழுதும் இல்லை. அடர்ந்த நிறமுள்ள தோலில் அது கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 1990லேயே ஆய்வு வந்துவிட்டது. 2020ல் வந்த அமெரிக்க ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீத அளவீடுகளில், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதத்தில்.

ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கிற ஸ்பைரோமீட்டர் கதை இன்னும் மோசம். பழைய கணக்கில் ஓடுவது நோயாளியின் இனத்தைக் கேட்கும், கறுப்பினத்தவர் என்று பதிந்தால் 'இயல்பு' என்ற அளவையே 10, 15 சதவீதம் இறக்கிவிடும், ஆசியர் என்றால் 4 முதல் 6. நுரையீரல் கெட்டவருக்கும் நார்மல் என்று ரிப்போர்ட் வரலாம். இனம் பார்க்காத கணக்கைப் பயன்படுத்தச் சொல்லி அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி என்ற நுரையீரல் மருத்துவச் சங்கம் பரிந்துரைத்ததே 2023ல்தான்.

"எதற்கெடுத்தாலும் இனவெறியா" என்று கேட்க வருபவர்களுக்கு: அந்த மூத்தவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, என்னைவிடப் பொறுமையாக நோயாளியைப் பார்ப்பவர் அவர். அவருக்கும் இதை யாரும் கற்றுத் தரவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

எனவே உங்கள் ஆய்வகத்து ஸ்பைரோமீட்டர் மென்பொருள் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். பழையது என்றால் மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். மூச்சுத் திணறலும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் யார் அனுமதிக்கும் காத்திருக்காமல் ரத்தம் எடுக்கலாம் என்று வார்டு விதியில் எழுத வையுங்கள்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெளிநாட்டில் படித்து வந்தவர்களுக்கே மாதாமாதம் இரவுப் பணி எப்படி விழுகிறது என்று எந்த வகுப்பிலும் யாரும் பேசுவதில்லை. நான் கேட்டேன், கணினிதான் போடுகிறது என்றார்கள்.