"மாடு மேய்க்கவா படிக்க வைத்தோம்?" என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, பால்வளத் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று தம்பி ஒற்றைக் காலில் நிற்பதைச் சொல்லும்போது உங்கள் குரல் உடைந்துவிட்டது. இன்று உங்களுக்கு ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்டு 1836-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். இளவயதிலேயே பண்ணை வேலையும் சீஸ் தயாரிப்பும் கற்றுக்கொண்டார். 1857-இல் பிழைப்புத் தேடி விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போனார். உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்தார். அப்புறம் பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடியை நம்பி இறங்கினார். 1868-இல் விலை சரிந்ததும் கடனாளியானார்.

1870-இல் ஊரில் சின்னதாக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அங்கே விவசாயிகள் வருஷா வருஷம் கோதுமையையே விதைத்து மண்ணின் சத்தை உறிஞ்சியிருந்தார்கள். பூச்சி வேறு பயிரைத் தின்றது. "மாடு வையுங்கள், மண்ணும் பிழைக்கும்" என்பதுதான் அவர் திரும்பத் திரும்ப எழுதியதன் சாரம். 1872-இல் சிலரோடு சேர்ந்து பால் உற்பத்தியாளர் சங்கம் தொடங்கினார். செய்த சீஸை விற்க வேண்டுமே! ரயில் சரக்குக் கம்பெனியோடு பேசி, ஐஸ் வைத்த பெட்டிகளில் குறைந்த கட்டணத்துக்குக் கிழக்கு நகரங்களுக்கு அனுப்ப வழி செய்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். கறக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். தெரிந்ததை நாலு பேருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லவும் இவருக்கு வந்தது.

தொழுவத்து வேலையாட்களுக்கு அவர் எழுதி வைத்த விதி இன்றும் பேசப்படுகிறது: இது தாய்மார்களின் வீடு, ஒவ்வொரு பசுவையும் தாயைப் போல நடத்துங்கள்.

1888 தேர்தலில் நின்றபோது அவருக்கு மாட்டு வேட்பாளர் என்றே பேர். ஜெயித்து மாநில ஆளுநரானார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி. பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கிய சட்டத்தை ஆதரித்ததால் அங்கே குடியேறியிருந்த ஜெர்மானியக் குடும்பங்களின் கோபத்துக்கு ஆளாகி, 1890-இல் தோற்றார். பதவி போனாலும் கையில் தொழில் இருந்தது. 1885-இல் அவர் தொடங்கிய பால்பண்ணை இதழ் இன்றைக்கும் வருகிறது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். இந்த லீவில் ஒரு மாதம், விடியற்காலை ஐந்து மணிக்கு அவனைப் பக்கத்துப் பால் சொசைட்டிக்கு அனுப்புங்கள். கொழுப்பு எப்படிப் பார்க்கிறார்கள், பால் ஏன் திரிகிறது என்பதையெல்லாம் ராத்திரி சாப்பிடும்போது உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டான் என்றால் தைரியமாக அப்ளிகேஷன் போடுங்கள். நாலு நாளிலேயே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டால் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு படிப்பு பார்க்கலாம்.