வாய்மொழி விடைக்கு மதிப்பெண் – கடிதம்

வணக்கம்.

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் மாணவன் ஒருவன், கேட்டால் ஒளிச்சேர்க்கையைத் தடங்கலின்றி விளக்குகிறான். தாளிலோ ‘சுரிய ஓளி, பச்சயம், நிர்’ என்று எழுதிப் பாதியில் நிறுத்திவிடுகிறான். அவனிடம் வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போட்டபோது, “எங்கள் பிள்ளைகள் எழுதித்தானே வாங்குகிறார்கள்?” என்று மற்ற பெற்றோர் கேட்டனர். எது நியாயம்?

ஓர் ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெற்றோரின் கேள்வி நியாயமானதே. ஆனால் அறிவியல் தேர்வு எதை அளக்க வந்தது என்பதையும் அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டும். ஒளிச்சேர்க்கைக்குச் சூரிய ஒளியும் பச்சையமும் நீரும் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும் என்பதற்கு நீங்கள் எடுத்துக்காட்டிய வரியே சான்று. குறிலும் நெடிலும் மாறியதற்காக அங்கே மதிப்பெண்ணைக் குறைத்தால், அறிவியல் தாளில் தமிழ்த் தேர்வு நடத்தியதாகிவிடும். அதே வரியைச் சொல்வதெழுதுதலில் எழுதியிருந்தால் குறைக்கத்தான் வேண்டும். வாசிப்பைச் சோதிக்கும் பகுதியை நாமே படித்துக்காட்டி மதிப்பெண் வழங்குவதும் உதவியாகாது. அவன் எங்கே தடுமாறுகிறான் என்பதே அதில் மறைந்துவிடும்.

2012-13இல் முப்பருவ முறையோடு வந்த மதிப்பீட்டில் பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 போக, பருவம் முழுவதும் வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கென 40 மதிப்பெண் ஆசிரியரிடம் விடப்பட்டது. பல பள்ளிகளில் அது சார்ட் ஒட்டும் சடங்காகிவிட்டது வேறு கதை. அந்த வளரறிப் பகுதியில் படம் வரைந்தோ, செய்துகாட்டியோ, வாய்மொழியாகவோ விடை தரலாம் என்று வகுப்பு முழுவதற்கும் அறிவித்துவிடுங்கள். ஒருவனுக்கு மட்டும் திறந்த வாசல் என்ற மனக்குறை அப்போது பெரும்பாலும் எழாது.

உங்கள் மாணவனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் தடுமாறவைக்கும் கற்றல் குறைபாடு, இருக்கக்கூடும். தமிழில் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது என்பதால், இக்குழந்தைகளில் பலர் எழுத்துக்கூட்டி ஒருவாறு சரியாகவே வாசித்துவிடுகிறார்கள்; வேகம்தான் வருவதில்லை, வரியின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் மறந்துபோகிறது. ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்து அதே பாடத்தைப் பத்து முறை எழுதவைப்பது இவர்களுக்கு எவ்விதத்திலும் பயன்படாது. உயிர்மெய்க் குறிகளை ஒலியோடு இணைத்துக் குறில் நெடில் இணைகளாக, நாள்தோறும் சிறிது நேரம், அவசரமின்றிப் பயிற்றுவிப்பதே பயன் தரும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்ஸியா போன்ற ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்னும் வகையையும் தன் பட்டியலில் சேர்த்து, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு வழி செய்திருக்கிறது. இக்குறைபாட்டுக்கான சான்றிதழை எட்டு வயது முதலே பெறலாம். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் பலர் அந்தச் சான்றிதழுக்காக ஓடத் தொடங்குகிறார்கள். உங்கள் மாணவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பெற்றோரின் ஒப்புதலோடு, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் இப்போதே பேசுங்கள். போகும்போது அவன் எழுதிய விடைத்தாளையும், அதே வினாவுக்கு அவன் வாய்மொழியாகச் சொன்ன விடையை நீங்கள் எழுதிவைத்த குறிப்பையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.