கேசிடியின் நொண்டும் கால்

அன்புள்ள ஐயா,

ஹாப்பலாங் கேசிடி என்னும் அமெரிக்க கௌபாயாக வில்லியம் பாய்ட் நடித்த படங்களை விரும்பிப் பார்த்துவிட்டு, அதே ஆசையோடு கிளாரன்ஸ் மல்ஃபோர்டின் மூல நூலை எடுத்தேன். நூலில் இருப்பவன் முரட்டுத்தனமாகப் பேசுகிறான், குடிக்கிறான், நொண்டி நடக்கிறான். பாதியில் மூடிவிட்டேன். இருவரில் அசல் கேசிடி யார்? திரைப்படம் எழுத்தாளருக்குத் துரோகம் செய்துவிட்டதா?

க.

அன்புள்ள க.,

உங்களுக்கு நேர்ந்தது எனக்குத் தலைகீழாக நேர்ந்தது. நான் நூலை முதலில் படித்தவன். ஆகவே, கறுப்பு உடையில் டாப்பர் என்னும் வெண்குதிரை மேல் நிமிர்ந்து அமர்ந்து, மதுவையோ புகையையோ தொடாமல் வரும் அந்த நரைமுடிக் கனவானைத் திரையில் கண்டபோது, வேறு யாருடைய கதையையோ பார்க்கிறோம் என்றே நினைத்தேன். நூலில் வருபவன் செம்பட்டைத் தலைமுடிக்காரன்.

1904-இல் இப்பாத்திரத்தைப் படைத்த மல்ஃபோர்ட், தொடக்கக் கதைகளை எழுதிய காலத்தில் கதை நடக்கும் அமெரிக்க மேற்குப் பகுதியை நேரில் பார்த்ததே இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் எழுத்தர் வேலை செய்துகொண்டு, படித்தறிந்த செய்திகளையெல்லாம் குறிப்பட்டைகளில் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டே கேசிடி வேலை செய்யும் பார்-20 என்னும் மாட்டுப் பண்ணையை உருவாக்கினார். அந்தப் பண்ணையில் மாடு மேய்ப்பவர்கள் தூசியும் வியர்வையுமாக இருக்கிறார்கள், ஒருவரையொருவர் ஓயாமல் கேலி செய்கிறார்கள். 'ஹாப்பலாங்' என்பதே நொண்டிக்கொண்டு வருபவன் என்று பொருள்படும் பட்டப்பெயர்தான். குண்டடி பட்ட காலை இழுத்து இழுத்து நடப்பவனை அவன் தோழர்கள் அன்போடு அப்படி அழைக்கிறார்கள். 1935-இல் வந்த முதல் படத்திலும் அவனுக்குக் காலில் குண்டு பாய்கிறது, பெயருக்கும் காரணம் கிடைக்கிறது. அடுத்து வந்த படங்களில் நொண்டல் மறைந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. என் பார்வையில், திரை செய்த மாற்றங்களிலேயே பெரிய இழப்பு இதுதான். அடிபட்ட ஒருவன் அந்தக் காலோடு குதிரையேறிப் போகிறான் என்பதில்தான் அவனுடைய வீரம் முழுவதும் இருந்தது.

ஆனாலும் பாய்ட் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. தன் பெயரையே கொண்ட வேறொரு நடிகர் கைதானபோது செய்தித்தாள்கள் தவறுதலாக இவருடைய படத்தை வெளியிட்டதால் வாய்ப்புகளை இழந்து நின்றவர் அவர். கேசிடிதான் அவரை மீட்டான். 1948 வரை கேசிடியாக 66 படங்களில் நடித்தவர், தன் பண்ணையையும் விற்று அப்படங்களின் உரிமைகளை வாங்கினார். 1949-இல் அப்படங்கள் தொலைக்காட்சிக்கு வந்தபோது அமெரிக்கக் குழந்தைகள் அவரைக் கொண்டாடினார்கள்; மறு ஆண்டு அவர் படம் போட்ட மதிய உணவுப் பெட்டி ஆறு லட்சம் விற்றது. அந்தப் பிள்ளைகள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பொறுப்புணர்ச்சி அவருக்கு உண்மையாகவே இருந்தது.

திரைப்படத்துக்குத் தன் வழியில் போக உரிமை உண்டு. நான் துரோகம் என்று சொல்வது அதன்பின் அச்சில் நடந்ததை. 1950-இல் புதிய கேசிடி நாவல்களை எழுத லூயி லமோர் என்னும் கௌபாய் கதை எழுத்தாளர் அமர்த்தப்பட்டார். மல்ஃபோர்டின் முரட்டு மனிதனையே எழுத அவர் விரும்பினார். பதிப்பாளர்களோ பாய்டின் கனவானைக் கேட்டார்கள். டெக்ஸ் பர்ன்ஸ் என்ற புனைபெயரில் நான்கு நாவல்களை எழுதிக் கொடுத்த லமோர், அவை தன்னுடையவை என்பதையே பிற்காலத்தில் மறுத்துவந்தார். திரையில் வந்தவனுக்காக ஏட்டில் பிறந்தவனை ஏட்டிலிருந்தே வெளியேற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அசல் யார் என்று கேட்டால், தயங்காமல் நொண்டுபவனையே சொல்வேன். மூடிவைத்த நூலை மறுபடி எடுங்கள். பாய்டின் முகத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, பண்ணைத் தோழர்கள் கூடிப் பேசும் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.