அந்தச் சரிவு மொட்டையல்ல

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர்களோடு நீலகிரியிலுள்ள அவலாஞ்சிக்குச் சென்றிருந்தேன். உச்சியை எதிர்பார்த்து ஏறினால், மேலே நிலம் அகன்று விரிந்து கிடந்தது. இது எரிமலையால் உண்டான மலையா? நடைக்கு ஏற்ற காலணி எது? சரிவுகள் மரமின்றி மொட்டையாகக் கிடந்தது வருத்தமளித்தது. அடுத்த முறை 500 மரக்கன்றுகளோடு செல்ல எண்ணியிருக்கிறோம்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஈரப் பாறையில் வழுக்காத எந்தக் காலணியும் போதும். எரிமலைக்கும் நீலகிரிக்கும் தொடர்பில்லை. நீங்கள் மிதித்து நடந்தது சார்னோக்கைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறை. பல்லாவரத்தில் கிடைப்பதும் இந்த வகைக் கல்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது பதித்த கல்லால் அதற்கு இப்பெயர் வந்தது.

ஆனால் உங்கள் கடிதத்தை நான் மறுபடியும் எடுத்துப் படித்தது 'மொட்டை' என்ற ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல்லை நம்பி நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். கல்லூரி நாட்களில் ஒரு முகாமுக்குச் சென்று, ஊட்டிக்கு மேற்கே ஒரு புல்சரிவில் நாள் முழுவதும் சீகைக் கன்றுகளை (வாட்டில் என்ற அயல்நாட்டு மரம்) நட்டோம். எருமைகளோடு நின்றிருந்த தோடர் பெரியவர் ஒருவர், "இனி இதுக எங்கே மேயும்?" என்று கேட்டார். எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சென்றபோது சீகை அடர்ந்து இருண்டிருந்தது; அதனடியில் புல் இல்லை. நாங்கள் தட்டு கழுவிய ஓடையில் ஈரக் கற்கள் மட்டுமே கிடந்தன.

புல் இருக்கும் இடத்தைக் காடு அழிந்த இடம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிமத்தை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். மடிப்புகளில் சோலை எனப்படும் குட்டைமரக் காடும் சரிவுகளில் புல்லுமாக இந்த மலை தன்னைத்தானே பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. திறந்த வெளியில் முளைக்கும் சோலைக் கன்றுகளைத் தை மாத உறைபனி கருக்கிவிடுகிறது. கல் இறுகியது, தண்ணீரைத் தன்னுள் விடாது. பெய்த மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது அதன்மேல் கிடக்கும் மண்ணும் புல்லும்தான். சதுப்போரத்தில் மண்டியிட்டுப் புல்லை விலக்கிப் பாருங்கள். கறுத்த மண்ணை உள்ளங்கையால் அழுத்தினால், நனைந்த பஞ்சைப்போல விரலிடுக்கில் நீர் சுரக்கும். நீங்கள் கோவையில் குடிக்கும் பில்லூர் அணைத் தண்ணீர் இப்படிச் சுரந்து வருவது. அதன் தலைமாட்டில் குழிதோண்டப் புறப்பட்டிருக்கிறீர்கள், தம்பி!

உங்கள் மனம் நல்ல மனம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கன்றுகளை உங்கள் தெருவில் நடுங்கள். மலைக்கு வருவதென்றால், வனத்துறையின் அனுமதி பெற்றுச் சீகை பிடுங்க வாருங்கள். நானும் உடன் வருகிறேன். மழை பெய்த மறுநாள் நல்லது. விரல் உயரக் கன்று வேரோடு கையில் வந்துவிடும். முழங்காலைத் தாண்டியதற்கு மண்வெட்டி வேண்டும், அதை நான் கொண்டுவருகிறேன்.