மூளையை ஆராய எம்.பி.பி.எஸ். வேண்டுமா?

கேள்வி: என் மகள் சென்னையில் பி.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சமூக உளவியலையும் மூளையையும் சேர்த்து ஆராயும் ஒரு பேராசிரியரின் உரையைக் கல்லூரியில் கேட்டதிலிருந்து, தானும் அப்படி ஆக வேண்டும் என்கிறாள். மூளை என்றால் டாக்டருக்குத்தான் படிக்க வேண்டும் என்கிறார் என் மைத்துனர். இதில் பிழைப்பு உண்டா? இப்போது என்ன செய்வது?
- ஒரு தந்தை, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் மைத்துனரின் பேச்சை அடியோடு தள்ளிவிட முடியாது. நரம்பறிவியலில் உலகப் பெயர் பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன், உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் கேம்பிரிட்ஜுக்குப் போனார். ஆனால் அது ஒரு வழி மட்டுமே. சமூக உளவியலையும் மூளையையும் சேர்த்து ஆராய்வதற்குச் சமூக நரம்பறிவியல் என்று பெயர். 1992-இல் கேரி பெர்ன்ட்சனோடு சேர்ந்து அதைத் தனித் துறையாக முன்வைத்த ஜான் கேசியோப்போ இளங்கலையில் படித்தது பொருளாதாரம். முனைவர் பட்டம் வாங்கியது உளவியலில். மருந்து எழுதத்தான் எம்.பி.பி.எஸ். வேண்டும், இந்த ஆராய்ச்சிக்கு அது கட்டாயமில்லை.

அந்தப் பேராசிரியரின் வேலை எப்படிப்பட்டது என்பதை மகளோடு நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவரின் கண்முன் ஒரு திரை. அதில் மூவர் பந்து எறிந்து விளையாடுகிறார்கள். மூவரில் ஒருவர் இவர். முதலில் பந்து இவருக்கும் வருகிறது. சிறிது நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள். இவர் காத்திருக்கிறார், பந்து வரவேயில்லை. உண்மையில் அந்த இருவரும் மனிதர்களே அல்ல, கணினி நிரல்! அப்படியிருந்தும் மனம் வாடுகிறது. உடல் வலியோடு தொடர்புபடுத்தப்படும் மூளைப் பகுதி ஒன்றில் அப்போது செயல்பாடு கூடுகிறது என்று 2003-இல் நவோமி எய்சன்பெர்கர், மேத்யூ லீபர்மேன், கிப்ளிங் வில்லியம்ஸ் மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அப்போது எய்சன்பெர்கர் முனைவர் பட்ட மாணவிதான்.

மேடையில் கைதட்டல் பெறுவது இந்தப் பாதிக் கதை. மீதியையும் கேளுங்கள். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 13 பேர். கருவி நரம்புகளின் பேச்சை நேரடியாகக் கேட்பதில்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜன் மாறுவதைத்தான், அதுவும் சில விநாடிகள் தாமதமாக, அளக்கிறது. 2014-இல் வேறொரு குழு நுணுக்கமான முறையில் அலசியபோது, உடல் வலியும் ஒதுக்கப்படும் வேதனையும் அதே வட்டாரத்தில் வெவ்வேறு கோலங்களாகத் தெரிந்தன. 2009-இல் செத்த சால்மன் மீன் ஒன்றையே ஸ்கேன் செய்து, தற்செயலாக வரும் பொய்க்குறிகளை வடிகட்டும் புள்ளியியல் திருத்தத்தைச் செய்யாவிட்டால் அதன் மூளையிலும் ‘செயல்பாடு’ தென்படும் என்று காட்டிக் கேலி செய்தார்கள். ஆக, இந்தத் துறையில் பேராசிரியர் ஒருவரின் பெரும்பொழுது எண்களோடும் நிரல்களோடும் நிதி விண்ணப்பங்களோடும் கழிகிறது. ‘மனிதர்களோடு பேசப் பிடிக்கும்’ என்பதற்காக இதில் இறங்குபவர்கள் ஏமாந்து போகிறார்கள். பேசிக் குணப்படுத்துவதில்தான் ஆசை என்றால் மருத்துவ உளவியல் வேறு பாதை. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். வார இறுதியில் சான்றிதழ் தரும் ‘மூளைப் பயிற்சி’ வகுப்புகளுக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

உங்கள் மகளுக்கு இந்த வேலை பிடிக்குமா என்பதைச் செலவில்லாமல் சோதிக்க வழியிருக்கிறது. அந்தப் பந்து விளையாட்டுக்கு ஸ்கேன் கருவி அவசியமில்லை, மடிக்கணினி போதும். சைக்கோபை என்ற இலவச மென்பொருளில் அதை அவளே உருவாக்கலாம். துறைத்தலைவரின் அனுமதியோடு சக மாணவர்களிடம் நடத்தட்டும். முடிந்ததும், ஒதுக்கியது கணினிதான் என்ற உண்மையை ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட வேண்டும். விளையாட்டென்றாலும் மனம் நோகும். பிறகு கிடைத்த விடைகளை ஆர் என்ற இலவச நிரல்மொழியில் அலசட்டும். அந்தக் கட்டத்தில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்தாள் என்றால் துணிந்து அனுப்புங்கள். அங்கேயே சலித்துவிட்டால் இப்போதே தெரிந்தது நல்லதுதான்.

அடுத்தது முதுகலை. காந்திநகர் ஐ.ஐ.டி.யிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் மனமும் மூளையும் செயல்படும் விதத்தைப் படிக்கும் அறிதல் அறிவியலில் எம்.எஸ்ஸி. இருக்கிறது. சென்னையிலேயே உளவியல் முதுகலை படித்துவிட்டு முனைவர் பட்டத்தில் மூளைப் பக்கம் திரும்புவதும் நடக்கக்கூடியதே. கல்லூரியின் பெயரைவிட அங்கே புள்ளியியலை எவ்வளவு கறாராகச் சொல்லித் தருகிறார்கள் என்று விசாரியுங்கள்.

பிழைப்பு? யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். 2023 முதல் இதுதான் தொகை. அமெரிக்காவில் இந்தத் துறை முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடியாகி உதவித்தொகையும் கிடைக்கும். வீட்டை அடமானம் வைக்கச் சொல்லும் முகவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காலம்தான் பெரிய விலை. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள், அதன்பின் தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தர வேலை கைக்கு வரும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அதுவரை கல்யாணப் பேச்சோடு வரும் உறவினர்களைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு. நடுவில் விலகினாலும் நஷ்டமில்லை: சோதனை வடிவமைக்கவும் தரவை அலசவும் தெரிந்தவர்களுக்குப் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு, அதாவது மக்கள் ஒரு செயலியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் வேலைகள் உண்டு.

விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர அவள் இப்போதே முயலலாம். ஒரே கடிதத்தை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்ப வேண்டாம். ஒருவரின் அண்மைக் கட்டுரையைப் படித்து, அதில் எழுந்த ஒரு கேள்வியோடு ஏழெட்டு வரிகள் எழுதி, தன் பந்து விளையாட்டுச் சோதனையின் முடிவை ஒரு பக்கத்தில் இணைக்கட்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.