ஓட்டம் நின்ற பந்தயக் குதிரையை வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

கால்நடைக் கேள்வி – பதில்

பதில் சொல்பவர் மலேசியாவின் ஈப்போ பந்தய லாயங்களில் சைஸாகவும் (குதிரைகளைப் பராமரிப்பவர்), பிறகு கால்நடை மருத்துவரின் உதவியாளராகவும் வேலை பார்த்தவர். இப்போது சுங்கை சிப்புட்டில் இருக்கிறார்.

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் நிலம், நாலு மாடு இருக்கின்றன. ஈப்போவில் லாயத்தில் வேலை செய்யும் நண்பர், ஓட்டம் நின்றுபோன இரண்டு குதிரைகளைச் சும்மாவே தருவதாகச் சொல்கிறார். யாரும் எடுக்காவிட்டால் அவற்றின் கதி என்ன என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. 12 வயது மகள் ஏறி ஓட்ட ஆசைப்படுகிறாள். குதிரை வளர்த்துப் பழக்கமில்லை. மாடு வளர்த்த அனுபவம் போதுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, உங்கள் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தபோது, இனி இந்தக் குதிரைகள் எங்கே போகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனாலும் உடனே லாரி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

நம் நாட்டில் ஓடும் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருபவை. சின்ன வயதிலேயே ஓட ஆரம்பித்து, காலில் அடிபட்டோ வேகம் குறைந்தோ சீக்கிரமே நின்றுவிடும். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் 25 வயதைத் தாண்டியும் வாழும். உங்கள் மகள் கல்யாணமாகிப் போன பிறகும் அது உங்கள் கொல்லையில் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாடு வளர்த்தவருக்கு விடியற்காலையில் எழுவதும் சாணி அள்ளுவதும் புதிதில்லை. அது பெரிய உதவி. தீனி விஷயத்தில்தான் அந்தப் பழக்கமே உங்களைத் தவறான வழியில் கொண்டுபோகும். நம் பக்கம் மாட்டுக்கு என்ன போடுகிறோம்? நேப்பியர் புல், செத்தாரியா புல், தவிடு. இந்த இரண்டு புல்லிலும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரையின் வயிறு அப்படி வேலை செய்யாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் நிலைமை இன்னும் மோசமாகும். சுண்ணாம்பு போதாமல் உடம்பு எலும்பிலிருந்தே அதை எடுக்க ஆரம்பிக்கும். இப்படி மாதக்கணக்கில் நேப்பியரும் தவிடும் மட்டுமே தின்ற ஒரு செந்நிறக் குதிரையை நான் பார்த்திருக்கிறேன். மூக்குக்கு இரண்டு பக்கமும் எலும்பு உப்பி, இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால் என்று நொண்டியது. வீட்டுக்காரர்கள் அதைப் பாசமாகத்தான் வளர்த்தார்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

அதனால் அடிப்படைத் தீனி நல்ல காய்ந்த புல்லாக இருக்கட்டும். சுண்ணாம்புக்காகக் கொஞ்சம் அல்ஃபால்ஃபாவும் (குதிரை மசால்) சேருங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ காய்ந்த புல் வேண்டும். நம் வெயிலுக்குத் தண்ணீர் 40, 50 லிட்டர்கூடக் குடிக்கும். ஒரு ஏக்கரில் இரண்டு குதிரைக்குப் புல் போதாது, வாங்கித்தான் போட வேண்டும். செம்பனை மரங்களுக்கு நடுவே அறுத்த புல்லைப் போடுவதாக இருந்தால், அங்கே எப்போது மருந்து அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுவிட்டு அறுங்கள்.

மாட்டுத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் குதிரை பக்கமே கொண்டுபோகாதீர்கள். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாடு தாங்கிக்கொள்ளும் அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். மூட்டை வைக்கும் அறைக்குப் பூட்டு போடுங்கள்.

மாட்டோடு சேர்ந்து இன்னொரு கவலையும் இருக்கிறது. சர்ரா என்ற நோய், கடிக்கும் மாட்டு ஈக்களால் பரவுகிறது. மாடும் எருமையும் வெளியே தெரியாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கும். குதிரைக்கு வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு, வயிற்றுக்கு அடியில் வீக்கம், கடைசியில் சாவு. குதிரை வருவதற்கு முன்பே உங்கள் நாலு மாட்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள். அப்படியே இசிவு நோய் (டெட்டனஸ்) தடுப்பூசி பற்றியும் பேசிவிடுங்கள். குளம்பில் ஒரு துருப்பிடித்த ஆணி ஏறினாலே குதிரைக்கு ஆபத்து.

வேலி முள்கம்பியா? கழற்றிவிடுங்கள். குதிரை மிரண்டால் எதிரில் இருப்பதைப் பார்க்காது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பந்தயக் குதிரை ஓடுவதற்கு மட்டுமே பழகியது. கடிவாளத்தைப் பிடித்து இழுத்தால் நிற்பதற்குப் பதிலாக, அதன்மேல் பலத்தைப் போட்டு இன்னும் வேகமாக ஓடத்தான் அதற்குத் தெரியும். பயிற்றுநர் ஒருவர் பல மாதம் மறுபடி பழக்கி முடிக்கும் வரை பிள்ளையை ஏற்றாதீர்கள். தேய்த்துவிடுவது, குளம்பு சுத்தம் செய்வது, கயிறு பிடித்து நடத்துவது எல்லாம் அவள் இப்போதே கற்கலாம். பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

நான் செய்யச் சொல்வது இதுதான். ஈப்போ போக உங்களுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம்தான். சில மாதம் வாரக்கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு நண்பரின் லாயத்துக்குப் போங்கள். காய்ச்சல் பார்க்கவும் நாடி எண்ணவும் கற்றுக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்க வேண்டும். வயிற்றுவலி வந்தால் எப்படி இருக்கும் என்று சைஸ்களைக் கேளுங்கள்: விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், மண்ணைக் கிளறும், படுத்துப் புரளும், சாணி போடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் இரவு இரண்டு மணி ஆனாலும் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குதிரை பார்க்கும் மருத்துவர் ஒருவரும் லாடக்காரர் ஒருவரும் உங்கள் வீடு வரை வர ஒப்புக்கொண்ட பிறகுதான் மேலே யோசியுங்கள்.

அப்புறம், எடுப்பதாக இருந்தால் இரண்டையும் எடுங்கள். கூட்டமாக வாழும் பிராணியைத் தனியாகக் கட்டிப்போடுவது பாவம். நண்பர் தவிர வேறு ஒரு மருத்துவரிடம் கால்களைக் காட்டுங்கள். குதிரையின் அடையாளப் பத்திரமான பாஸ்போர்ட், உடம்பில் உள்ள முத்திரை, சிப் எண் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முடியாமல் போனால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். இரண்டுக்குச் செலவு தாங்காது என்றால், லாயத்திலேயே ஒன்றின் தீனிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவும் காப்பாற்றுவதுதான்.

கேள்வி: கைவிடப்பட்ட ஒரு குதிரையைக் கொண்டு வந்திருக்கிறோம். விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கிறது. சீக்கிரம் தேறக் கொள்ளும் சோளமும் நிறையப் போடலாமா? (வாசகி, கோலகங்சார்)

பதில்: வேண்டாம்மா, தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். பட்டினியில் காய்ந்த உடம்புக்குத் தானியம் திடீரென்று போனால் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சடாரென்று இறங்கி, சில நாளிலேயே குதிரை செத்துவிடலாம். முதல் மூன்று நாள் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை அரைக் கிலோ அல்ஃபால்ஃபா, இரவிலும்கூட. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை தானியமும் வயிற்றுப் பூச்சி மருந்தும் கொடுக்காதீர்கள். உடம்பு தேற மாதக்கணக்கில் ஆகும், பதற வேண்டாம்.

கேள்வி: மத்தியான வெயிலில் எங்கள் குதிரை வியர்க்காமல் மூச்சு வாங்குகிறது. வியர்க்கவில்லை என்றால் நல்லதுதானே?

பதில்: நல்லதில்லை. நம்மைப் போன்ற புழுக்கமான நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்வை நின்றே போய்விடும். உடம்புச் சூடு வெளியேற வழி இருக்காது. உடனே நிழலில் கட்டி, உடம்பு முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள், ஃபேன் போடுங்கள், மருத்துவரை அழையுங்கள். இனி நடத்துவது, ஓட்டுவது எல்லாம் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிட வேண்டும்.