வரிசைக்கு இரண்டே நிறம்

கேள்வி: ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டரில் பல வண்ணப் பட்டைகள் வரிசையாக ஓடுகின்றன. கடைக்காரர் அதை ‘ஃபேர் ஐல்’ வேலை என்றார். அது எந்த ஊர்? ஸ்பெயின் மாலுமிகள் கற்றுக்கொடுத்த கலை என்கிறார்களே, உண்மையா? (வாசகி, கோவை)

பதில்: ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து என்னும் இரு தீவுக்கூட்டங்களுக்கு நடுவே உள்ள, சுமார் 5 கிலோமீட்டர் நீளமே கொண்ட சிறு தீவுதான் ஃபேர் ஐல். 1588-இல் ஸ்பானியக் கடற்படையின் ‘எல் கிரான் கிரிஃபோன்’ என்ற கப்பல் அங்கே உடைந்ததும், உயிர் தப்பியவர்கள் சில வாரங்கள் அத்தீவில் தங்கியதும் வரலாறு. பின்னலை அவர்கள் கற்பித்தார்கள் என்பதற்கு மட்டும் சான்றே இல்லை. அத்தீவின் பின்னல் என்று அறியப்படுபவற்றுள் மிகப் பழையவை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இடையில் இரண்டரை நூற்றாண்டு வெற்றிடத்தைக் கதைதான் நிரப்புகிறது. இதையொத்த பின்னல் பால்டிக் கரையோர நாடுகளில் இருப்பதாலும், அவ்வழியே போகும் கப்பல்களோடு தீவினர் பண்டமாற்று செய்துவந்ததாலும், வடிவங்கள் அப்படி வந்திருக்கலாம் என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

எத்தனை வண்ணங்கள் கண்ணில் பட்டாலும் ஒரு வரிசையில் இரண்டுக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதே இதன் மரபு. அந்நேரம் பயன்படாத நிறத்து நூலை அறுக்காமல் பின்புறமாகவே இழுத்துச் செல்வதால் துணி இரட்டைக் கனமாகிக் குளிரைத் தாங்குகிறது. வெள்ளை, சாம்பல், பழுப்பு ஆகியவை ஆட்டின் இயற்கை நிறங்கள். நீலத்துக்கு அவுரியும் சிவப்புக்கு மஞ்சிட்டியும் சாயமாயின. உடற்பகுதியைக் குழாய் போல் வட்டமாகப் பின்னி முடித்து, முன்திறப்பு வேண்டுமென்றால் நடுவே கத்தரியால் வெட்டிவிடுவார்கள்! ஷெட்லாந்துக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால் வெட்டிய கண்ணிகள் எளிதில் பிரிவதில்லை.

பின்னாளில் எட்டாம் எட்வர்டாக அரியணை ஏறிய பிரிட்டிஷ் இளவரசர் 1920-களின் தொடக்கத்தில் கோல்ஃப் ஆடும்போது இதை அணிந்தார். அதன்பின் நகரங்களிலும் இது நாகரிகமாயிற்று.

உங்கள் ஸ்வெட்டரை உட்புறம் திருப்பிப் பாருங்கள். இயந்திரப் பின்னலிலும் நூல் பின்னால் ஓடக்கூடும் என்பதால், அதைக் கொண்டு மட்டும் கைவேலை என்று முடிவுகட்ட இயலாது. ஆனால், ஒரே வரிசையில் மூன்று நிறங்கள் தென்பட்டால், தீவின் மரபுப்படி அது பின்னப்படவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.